எழுந்து நிற்க வேண்டிய பாட்டு

வெள்ளைக்காரர்கள் கச்சேரி செய்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். பனமரத்துப்பட்டி ஏரிக்கு அப்பால் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலில் திருவிழா. மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலை பழக அயர்லாந்திலிருந்து நான்கு இளம் பிரதர்கள் புதிதாக வந்திருந்தார்கள். பூசை முடிந்த மத்தியானம் அவர்கள் எங்கள் சனத்துக்குத் தங்கள் ஊர்ச் சங்கீதத்தை வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. அவர்களில் யாருக்கும் மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. வெள்ளை அங்கிக்கு மேலே கழுத்து மட்டும் வெயிலில் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தது.

அப்பா அந்தக் கோயிலில் மணியடிப்பவர். பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூட்டுவது எல்லாம் அவர்தான். கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு கலியாணத்துக்குத் துக்கமணியை அடித்துவிட்டார். செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் பாதி வழியில் நின்றுவிட்டார்களாம். "இன்னொரு தப்பு நடந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன், நீ வேற எடம் பாத்துக்க" என்று பங்குச்சாமியார் சொல்லியிருந்தார். அதிலிருந்து அம்மா சாமான்களை மூட்டையிலிருந்து முழுசாக எடுத்து வைப்பதில்லை.

திருவிழாவன்று காலையில் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டார்.

"கச்சேரியில அவங்க நாட்டுக் கீதம் வரும். அதுக்கு எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும். நான் முன்னால விருந்தாளிங்களோட உக்காந்திருப்பேன், திரும்பித் திரும்பிப் பாக்க முடியாது. நீ எந்திரிச்சா சனம் எந்திரிக்கும்."

"எது அந்தப் பாட்டுன்னு எப்படிங்க சாமி தெரியும்?"

சாமியாருக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவா, மரியாதையா வரும். கேட்டாலே தெரியும்" என்றார்.

தறி நெய்கிற பெரியப்பா பக்கத்தில்தான் இருந்தார். கதர்ச்சட்டை தவிர வேறு போடாதவர். சாமியார் அந்தப் பக்கம் போனதும், "ஏண்டா, வெள்ளக்காரனக் கப்பலேத்திட்டு இப்பத்தான் ஒக்காந்தோம். மறுக்கா எந்திரிக்கச் சொல்றாரா உங்க சாமியாரு?" என்றார்.

"உனக்கென்னங்ணா, சொந்த ஊடு இருக்குது. நான் எந்திரிச்சுத்தான் ஆவோணும்" என்றார் அப்பா.

பந்தலில் ஊரே கூடியிருந்தது. ஒரு பிரதர் பிடில் வைத்திருந்தார், ஒருவர் புல்லாங்குழல். இன்னொருவர் மடியில் வைத்து இழுத்து அமுக்கும் பெட்டி. நாலாமவர் சல்லடை மாதிரி வட்டமாக, ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய கொட்டு ஒன்றை எடுத்ததும், "அட, வெள்ளக்காரன் தப்பு அடிக்கறாம் பாரு!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

வாசிக்க ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள் போலிருந்தது. ஒரு மெட்டு முடிகிற இடத்தில் மூச்சுகூட விடாமல் அடுத்தது தொடங்கிவிடும். எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் சனம் திணறியது. வாசித்தவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. கால்கள் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு கலியாண வீட்டில் இருந்தன. மெட்டு மாறும்போதெல்லாம் அப்பா பாதி எழுந்து, ஓட்டத்தைக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் எழுந்து உட்கார்கிற வேலைதான்.

பிறகு மூன்று பேர் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். பிடில்காரர்தான் நால்வரிலும் சின்னவர். அவர் பிடிலைக் கையில் தொங்கவிட்டபடி எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடினார். மெதுவான பாட்டு. இங்கிலீஷும் இல்லை, வேறு ஏதோ பாஷை. மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்பா எழுந்து நின்றார். பாயில் இருந்தவர்கள், பெஞ்சில் இருந்தவர்கள், பால் குடிக்கிற பிள்ளையோடு இருந்தவர்கள், எல்லோரும் எழுந்தார்கள். சத்தம் கேட்டுச் சாமியாரும் அவசரமாக எழுந்தார். பெரியம்மா இடித்த இடியில் பெரியப்பாவும் எழுந்தார். நடுவில் அந்தச் சின்ன பிரதர் கண்ணைத் திறந்து பார்த்தார். குரல் ஒரு தரம் நின்றுபோனது. விழுங்கிக்கொண்டு மறுபடி பாடினார். கன்னத்தில் தண்ணீர் வடிந்ததை அவர் துடைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் சாமியார் மற்றொரு பிரதரிடம் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது நாட்டுக் கீதம் இல்லையாம்! காணாமப்போன பசுமாட்டத் தேடுற பாட்டாம். உக்காருங்க, உக்காருங்க!"

பந்தல் அதிர்ந்தது. "மாட்டுக்கு எந்திரிச்ச மொத ஊரு நம்முளுதுதாண்டா!" என்றார் பெரியப்பா.

கடைசியில் நால்வருமே எழுந்து, படை நடக்கிற மாதிரி வேகமாக ஒன்றை வாசித்தார்கள். அதுதான் நாட்டுக் கீதம். அப்பா பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சனம் உட்கார்ந்தபடியே தாளத்துக்குக் கைதட்டிக் கொண்டாடியது. சாமியார் ஒருவர் மட்டும் நின்றுகொண்டு, திரும்பி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எங்கள் மூட்டை கட்டப்பட்டுவிட்டது.

எத்தனையோ வருடம் கழித்துச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அயர்லாந்து நாட்டு வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. அவர் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டதால் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தங்கள் நாட்டையும் இங்கிலீஷ்காரன்தான் வெகுகாலம் ஆண்டான் என்றார். நாட்டின் பேரைச் சொல்லிப் பாடினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று, பசு என்றும் பெண் என்றும் பேர் மாற்றிப் பாடிவைத்தார்களாம். வெள்ளைக்காரனையும் வெள்ளைக்காரன் ஆண்டிருப்பான் என்பது எங்கள் பந்தலில் பெரியப்பாவுக்கே தெரியாது.

அன்று கச்சேரி முடிந்ததும் சாமியார் நேராக அப்பாவிடம் வந்தார். "பசுமாட்டுக்கு எந்திரிச்சவனுக்குக் கீதத்துக்கு எந்திரிக்கத் தெரியலயா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க சாமி. அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தேன், ஒக்காந்திருக்க முடியல."

அதற்குள் சின்ன பிரதர் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதேதோ சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். பிறகு பிரதர் சாமியாரிடம் ஏதோ சொன்னார். சாமியாரின் முகம் மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி. போய் சாயங்கால மணிய அடி" என்றார்.

ஆனால் அந்தச் சின்ன பிரதர் கையை விடவில்லை. முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கி, அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கோபமாக இருக்கிறார், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் ஓடிப்போய் அந்த வெள்ளை அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"உடுங்க பிரதர், உடுங்க! எங்கப்பா தெரியாமத்தானுங்க எந்திரிச்சாரு!"