முதல் கூப்பாட்டுக்குப் பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வருகிற ஆள் நான். கோயம்புத்தூரில் பிறந்து பெங்களூரில் கணினி முன்னால் உட்கார்ந்து முடி கொட்டினவன். எனக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும், காரணம் கிடைக்காவிட்டால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் நம்ம கட்சிதான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை.

என் மனைவி மலர் நீலகிரியில் நடுவட்டம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். கல்யாணம் ஆனதும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நான் மலையேறி வந்துவிட்டேன். வீட்டோட மாப்பிள்ளை என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் கிண்டல், எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில், எல்லோரும் ஆபீசுக்குத் திரும்பி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மலர் வேலையை விட்டு வரமாட்டாள், வரச்சொல்லவும் எனக்கு வாயில்லை. அவளைப் பிரிந்து மறுபடியும் பெங்களூர் அறையில் தனியாகப் பிரெட் தின்பதை நினைத்தால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

நல்லவேளையாக, ஒரு சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்கு, போனில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் எழுதி அனுப்புகிற ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது. கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் என்ன செய்ய, கவாத்து எப்போது, இந்த மாதிரிக் கேள்விகள். அந்த வேலை கிடைத்தால் நான் மலையிலேயே இருக்கலாம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்த ஒரு மொழி மாடலை எடுத்து, அதற்கு வேண்டிய சாமான்களோடு கன்டெய்னர் என்கிற மென்பொருள் பெட்டியில் அடைத்து, எங்கோ இருக்கிற வாடகைக் கணினியில் ஏற்றினேன். வீட்டில் அதற்கு டப்பா என்றே பெயர். சர்வர்லெஸ் ஏற்பாடு, அதாவது யாரும் கேட்காத நேரத்தில் அது தூங்கும், கேள்வி வந்தால் எழுந்து வேலை செய்யும், எழுந்த நேரத்துக்கு மட்டும் வாடகை. தேயிலையைத் தவிர வேறு எதைக் கேட்டாலும், தேயிலை பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லும்படி கட்டளையும் போட்டு வைத்தேன்.

மலரும் அவளோடு கொழுந்து எடுக்கிற பெண்களும்தான் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே குரலில், அருமையாக வேலை செய்கிறது என்றார்கள். சங்கத்துக்காரர்கள் பார்க்க வரும் நாள் காலையில் நானே கேட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. மறுபடி கேட்டேன், உடனே வந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மாடலை ஏற்றிக்கொள்வதற்குள் முதல் கேள்வி காலாவதியாகி விழுந்துவிடுகிறது! இத்தனை நாளும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று மலரிடம் கத்தினேன்.

"அதுல என்னங்க தப்பு? மிஸ்ட்டு மூடி எதிர ஆளே தெரியாதப்ப யாராச்சும் கூப்புட்டா மொதல் கூப்பாட்டுக்கு நாங்களும் வாய் தொறக்க மாட்டோம். மனுசனா இருந்தா ரெண்டாவது தடவையும் கூப்புடுவாங்கல்ல? உங்க டப்பாவுக்கும் அந்த வெவரம் இருக்குதுன்னுதான் நெனச்சோம்" என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டு, டப்பாவின் ஒரு பிரதி, வொர்க்கர் என்பார்கள், எப்போதும் விழித்தே இருக்கும்படி மாற்றினேன். இனி முதல் கூப்பாட்டுக்கே பதில் வரும். மலர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பஜ்ஜிக்கு மாவு கரைக்கப் போனாள்.

மத்தியானம் மிஸ்ட் இறங்கியது. வாசலில் நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. சங்கத்துக்காரர்கள் வருவார்களோ மாட்டார்களோ என்று, டப்பாவின் கேள்வி பதிலெல்லாம் பதிவாகிற லாக் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஒரு கேள்வி வந்து விழுந்தது. யார் அனுப்பினார்கள் என்கிற இடம் காலி.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கிறேன், சொல்லுங்கள்" என்று டப்பா பதில் எழுதியது.

"வழி தெரியலீங்க."

தேயிலை பற்றி மட்டும் கேளுங்கள் என்று அது சொல்லியிருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், அது எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்: "வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். முன்னால் ரோடு இல்லை. பின்னால் எடுத்து மேட்டுப் பாதையில் வாருங்கள்."

வண்டி என்று யார் சொன்னது? ஏதோ கோளாறு, இன்றைக்குப் பார்த்து மானம் போகப்போகிறது என்று நான் புரோகிராம் வரிகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. சங்கத் தலைவர், வாட்டசாட்டமான மனிதர், இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த ஸ்பீக்கர எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? சிக்னலும் இல்ல, ஒண்ணும் தெரியல, தலைய வெளிய நீட்டி யாராச்சும் இருக்கீங்களான்னு சும்மா ஒரு சத்தம் போட்டேன். இருக்கேன், சொல்லுங்கன்னு காட்டுக்குள்ளயிருந்து பதில் வருதுங்க! வழி தெரியலீங்கன்னதும் வண்டிய நிறுத்தச் சொல்லி, மேட்டுப் பாதையக் காட்டி, உசுரக் காப்பாத்திட்டீங்க."

"பொம்பளைக் குரலுங்க" என்றார் டிரைவர்.

"யோவ், ஆம்பளைக் குரல்யா" என்றார் தலைவர்.

நான் ஸ்பீக்கர் எதுவும் வைக்கவில்லை. அந்த டப்பாவுக்குக் குரலே கிடையாது, எழுதத்தான் தெரியும். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன், மலர் பஜ்ஜித் தட்டை என் கையில் திணித்து வாயை அடைத்துவிட்டாள். டெமோவெல்லாம் யாருக்கு வேண்டும்! தலைவர் ஆறாவது பஜ்ஜியிலேயே வேலை உங்களுக்குத்தான் என்று கை கொடுத்துவிட்டார், ஸ்பீக்கரும் சேர்த்து வேண்டுமாம். அவர்கள் கிளம்பியதும் நானும் மலரும் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் மாதிரிக் குதித்தோம். மறுநாள் வெயிலில் போய்ப் பார்த்தால், கீழ்ப் பாதையின் வளைவில் ரோடு பாதி பெயர்ந்து பள்ளத்தில் கிடந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதைக் குலதெய்வத்தின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அன்று குதித்து முடித்து, லாக் பக்கத்தை மூடலாம் என்று போனால் அதில் இன்னும் ஒரு கேள்வி இருந்தது. எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நேரத்தில் வந்தது. அனுப்பியவர் இடம் இதிலும் காலி.

"அவங்க வந்து சேந்துட்டாங்களா?"

டப்பா எவ்வளவு மரியாதையாகப் பதில் எழுதியிருந்தது தெரியுமா?

"வந்துவிட்டார்கள், மிக்க நன்றி. நீங்களும் வீட்டுக்கு வாருங்கள்."

மலர் என் தோளுக்கு மேலே எட்டி அதைப் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அன்றே வொர்க்கரைப் பழையபடி தூங்க விட்டேன், இப்போது முதல் கேள்வி விழுந்துதான் போகிறது, சங்கத்தில் யாரும் குறை சொன்னதில்லை. வேலை நன்றாகப் போகிறது, பெங்களூரை மறந்தே விட்டேன், மலரோடு சந்தோஷமாக இருக்கிறேன். ஆனால் கூப்பிட்டது நான் வைத்த டப்பா, வீடு எங்கள் வீடு. காட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தவர்கள் வந்தார்களா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.