கீழேயே நின்ற கோடு

காலை ஒன்பது நாற்பதுக்கு மகள் தன் கிராஃப் தாளைத் தேடினாள். மேஜையில் கிடந்தது நான் வரைந்த சேலை பார்டர். அப்படியென்றால் காலையில் நான் சுருட்டிக் கொடுத்தனுப்பியது அவளுடைய தாள்.

நான் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவன். என் கட்டங்களைப் பார்த்துத் தறிக்கான அட்டையில் துளை குத்துகிறவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார்; தாள் போனது அவரிடம்தான். குத்திய வரியைத் தாளிலேயே சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போவார்.

மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். உலகப் போரில் ஓடிய ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கதையை என் தாளிலேயே ஒற்றைக் கோடாக வரைந்திருந்தாள். மேல்விளிம்பு கடல்மட்டம். கப்பல் மூழ்கினால் கோடு இறங்கும், வெளியே வந்தால் ஏறும். சரக்குக் கப்பல்களை அடித்தது, அடி வாங்கிப் பழுதுபார்க்கத் துறைமுகம் திரும்பியது எல்லாம் அதில் உண்டு. கடைசிப் பயணத்தில் கோடு கீழேயே நின்றுவிடும். கப்பலோடு மூழ்கிய பலருக்கு இவள் வயதுதானாம். அதைக் கேட்டதிலிருந்து அந்த இடத்தை நான் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு மணிக்கு வகுப்பில் அதை விளக்க வேண்டும்.

"போட்டோவாவது எடுத்து வெச்சியாம்மா?"

"உன் டிசைன எடுக்க உட்டிருக்கியாப்பா நீ?"

விட்டதில்லை. எடுத்தால் திருடு போய்விடும் என்பது தொழில் பயம். அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

அட்டை குத்துகிறவருக்குப் போன் அடித்தேன். கட்டம் எண்ணும்போது அவர் எடுக்க மாட்டார். ஸ்கூட்டரில் ஓடினேன். "தாள எடுத்துக்கினு எங்கியோ போனாரே" என்றார் அவர் மனைவி. வீடு திரும்பினால் மகள் வாசலிலேயே நிற்கிறாள்.

பதினொன்றேகாலுக்கு அவர் சைக்கிளில் வந்தார்.

"இன்னாபா நீ, இவ்ளோ வருசமா டிசைன் போடுற? பார்டர்னா முடியற எடம் ஆரம்பிச்ச எடத்தோட சேரணும். இது கீழ எறங்கி அப்டியே நிக்குது! உன்ன கேக்காம குத்தக்கூடாதுன்னு ஒரு தொள கூடப் போடல."

மகள் தாளைப் பிரித்தாள். சிவப்பு மை எங்குமில்லை. கோடு நின்ற இடத்திலிருந்து மெல்லிய பென்சில் கோடு ஒன்று கடல்மட்டம் வரை ஏறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாள். தான் வரைந்தது பார்டர் இல்லை, ஆட்களோடு மூழ்கிப்போன கப்பல் என்று அவருக்குச் சொன்னாள்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"எனுக்கு இன்னாமா தெரியும்? நான் மேல கொண்டாந்து சேத்துட்டேன். பென்சில்தான். அழிக்கணும்னா நீயே அழிச்சுக்கமா."