வக்காலத்தில் இல்லாத பெயர்

பொருளாதார மந்தம் வந்தால் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ, கையில் கிடைத்தால் விடமாட்டேன். மந்தைவெளியில் கீரை விற்கும் அம்மா வரைக்கும் இதே பாட்டு. "உனுக்கு இன்னாம்மா கவலை? ஊரே சண்டை போட்டுக்கினு கீது, உன் காட்டுல மழைதான்!" சிரித்துவைப்பேன். வேறென்ன செய்வது?

மயிலாப்பூரில் ஒரு சீனியரிடம் பதினோரு வருடம் ஜூனியராக இருந்தேன். அந்த ஆபீசுக்குச் சோறு போட்டது கம்பெனி வழக்குகள்தான். கம்பெனிகள் கையைச் சுருக்கியதும் வழக்குகள் குறைந்தன. ஜூனியர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். யாரையும் அனுப்பியதாக யாரும் சொல்லவில்லை. அடுத்தது நானா என்று தினமும் தோன்றும். கேட்கத்தான் வாய் வராது.

அந்தச் சமயத்தில், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை போன ஒருவர் அடையாறிலிருந்து வந்தார். கிடைத்த கேஸை விடும் நிலையில் நாங்கள் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து மனுவை நான்தான் எழுதினேன். காரணம் சொல்லாமல் ஒரு மனிதரை வெளியே தள்ளுவது என்ன நியாயம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். சீனியர் படித்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார்.

கையெழுத்து வாங்க வக்காலத்தைக் கட்சிக்காரர் முன் வைத்தேன். அவருக்காக ஆஜராகும் வக்கீல்களின் பெயர்கள் அதில் இருக்கும். சீனியர் பெயர் இருந்தது. அவருடைய மாப்பிள்ளையின் பெயரும் இருந்தது. அந்த மகானுபாவர் கறுப்புக் கோட்டு போட்டே ஆறு மாதம் ஆகவில்லை! என் பெயரைக் காணோம்.

குமாஸ்தாவிடம் போய், "டைப் பண்றப்ப விட்டுட்டீங்களா?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் இன்னா மேடம் பண்றது? இனிமே உங்க பேரு போட வாணாம்னு பெரியவரு சொல்லிட்டாரு."

நேரே சீனியர் அறைக்குள் நுழைந்தேன். "சார், என்னை நிறுத்திட்டீங்களா?"

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நிறுத்தறதா? உன்னை நான் எப்பம்மா வேலைக்கு வெச்சேன்? நீ தொழில் கத்துக்க வந்த பொண்ணு. எப்ப வேணும்னாலும் வந்து உக்காரு."

பதினோரு வருடம்!

வெளியே வந்தேன். கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கோர்ட்ல நீங்கதானே மேடம் பேசுவீங்க?"

"இல்ல சார். எனக்கும் வேலை போயிடுச்சு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "லெட்டர் ஏதாவது குடுத்தாங்களா மேடம்? எனக்கு ஒரு மெயிலாவது வந்துது."