மூன்று வண்டிகளும் ஒரு கைலி பேன்ட்டும்

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். திருத்தணி மலைப்பாதையின் முதல் வளைவில், பத்துப் பேர் பார்க்க, லுங்கி மூட்டையோடு நான் வண்டியிலிருந்து விழுந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எதற்காக விழுந்தேன் என்று கேட்டுவிட்டு, சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஆர்.கே.பேட்டையில் எங்களுக்கு இரண்டு விசைத்தறிகள். நெய்த லுங்கிகளைத் திங்கட்கிழமைதோறும் திருத்தணி வியாபாரியிடம் சேர்த்துவிட்டு நூல் வாங்கி வர வேண்டும். அதைச் செய்துவந்த என் வீட்டுக்காரர் பஸ் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூட்டை என்னிடம் வந்தது. மூட்டையைக் கண்டாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். இரண்டு திங்கள் தவறிப்போயிற்று. "இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா நூலை வேற தறிக்குக் குடுத்துடுவேன்" என்று வியாபாரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது.

அம்மா வீட்டில் போட்ட நகையை விற்று வண்டி வாங்குவது என்று முடிவு செய்தேன். அக்கா புருஷனுக்கு, அதாவது எங்கள் பாவாவுக்கு, திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெக்கானிக் கடை. அங்கே சர்வீசுக்கு வரும் வண்டிகளில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்தேன். மொபெட், ஸ்கூட்டர், புதிதாக வந்திருந்த நூறு சிசி மோட்டார் சைக்கிள். மூன்றையும் நோட்டில் எழுதினேன்.

மொபெட் விலை மலிவு. ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், பாதி மூட்டைதான் தாங்கும். ஒரு திங்களுக்கு இரண்டு நடை போனால் மலிவு எங்கே இருக்கிறது? ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது, எங்கள் ஏரிக்கரை ஜல்லியில் வழுக்கும். அதோடு பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நூறு சிசி வண்டி விலையில் மொபெட்டைப் போல இரண்டு பங்குக்கும் மேல். ஆனால் பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கும், பெரிய சக்கரம், முழு மூட்டையும் ஏறும். நூல் விலையை மட்டும் பார்த்து நாங்கள் லுங்கிக்கு விலை போடுகிறோமா என்ன? துணி தறியை விட்டு இறங்குகிற வரை ஆகும் எல்லாச் செலவும் சேர்ந்ததுதானே விலை. அப்படிப் பார்த்தால் மூன்று வருஷத்தில் நூறு சிசிதான் லாபம்.

பாவா நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பொம்பளைக்கு மொபெட்டு போதும்மா. ஆம்பள வண்டியெல்லாம் ஒனக்கு இன்னாத்துக்கு?"

"மூட்டைக்கு ஆம்பள, பொம்பள தெரியுமா பாவா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைக்கு வந்த ஒரு நூறு சிசி வண்டியை, அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் தள்ளினார். "மூட்டையோட மலை மேல ஏத்திக் காமி. எங்கியும் கால் ஊணக்கூடாது. ஏத்திட்டா நானே கூட வந்து வாங்கித் தர்றேன். இல்லேன்னா பேசாம மொபெட்டு எடுத்துக்க."

புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் டாங்கிக்கு இரண்டு பக்கமும் கால் போட்டதும் கொசுவம் சுருண்டு முட்டிக்கு மேலே ஏறியது. அதை இழுத்து விடுவதா, கியர் மாற்றுவதா? முதல் வளைவில் கொசுவம் கியர் மிதியில் மாட்டிக்கொண்டது. விழுந்தேன். வளைவோரத்து டீக்கடையில் ஒரே சிரிப்பு. பின்னாலேயே வந்திருந்த பாவா மூட்டையைத் தூக்கிக்கொண்டே, "பாத்தியா, நான் சொன்னேன் இல்ல?" என்றார். முட்டி எரிந்ததைவிட அதுதான் எரிந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். டயர், செயின், பெட்ரோல், சர்வீஸ் எல்லாம் இருந்தது. ஓட்டப்போகிறவள் புடவை கட்டியவள் என்று ஒரு வரி இல்லை. தினமும் துணியை அளக்கிறவளுக்கு இது தோன்றவில்லையே! மொபெட்டுக்கு இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரே நிமிஷம்தான். வண்டி சரியான வண்டி. மாற வேண்டியது உடுப்பு.

எங்கள் தறியிலிருந்து இறங்கிய நீலக் கட்டத் துணியை வெட்டினேன். தொளதொள பேன்ட் தைக்கப் போகிறேன் என்றதும் படுத்திருந்த வீட்டுக்காரர் திட்டுவார் என்று பார்த்தால், "கட்டம் கோணாம நேரா வர்ற மாரி தை. நம்ம துணின்னு பாக்கறவனுக்குத் தெரியணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த திங்கள் விடிந்ததும் வந்த பஸ், எப்படியோ மூட்டையை ஏற்றிக்கொண்டது. திருத்தணியில் இறங்கியதும் நேராகப் பாவா கடைக்குத்தான் போனேன். இன்னொரு தரம் ஏற்றிக் காட்டுகிறேன் என்று அங்கே நின்ற நூறு சிசி வண்டியைக் கேட்டு வாங்கினேன். கைலி பேன்ட், மேலே வீட்டுக்காரர் சட்டை. "யார்ரா இது, கைலிய மாட்டிகினு வருது!" என்று பக்கத்து டீக்கடையில் ஒருவன் கத்தினான். "உன் இடுப்புல இருக்கறதும் எங்க தறித் துணிதான்டா, நல்லா பாத்துக்க!" என்று கத்திவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன். முதல் வளைவு போனது. கடைசி ஏற்றத்தில் இஞ்சின் திணறியபோது, "முருகா, இப்ப மட்டும் கவுத்துடாதே" என்று வாய்விட்டே சொன்னேன். கோயில் வாசலில் போய்த்தான் காலைக் கீழே வைத்தேன். கீழே வந்து வியாபாரி கடையில் மூட்டையை இறக்கும்போது அவர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

பாவா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். புது வண்டிக்கு மலை மேல் பூஜை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, குருக்கள் சாவியைப் பாவாவிடம் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவா இரண்டு அடி பின்னால் போய்விட்டார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சாமி? வண்டி அவுங்குளுது. ஓட்டறதும் அவுங்கதான்."

பதினோரு வருஷம் அந்த வண்டி ஓடியது. ஒரு திங்கள்கூட நூல் தவறவில்லை. பேன்ட்டைக் கண்டு சிரித்த ஊர், இரண்டே மாதத்தில் சலித்துப்போய் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. அவ்வளவு செலவையும் எழுதிய நோட்டில் நான் விட்டுவிட்டது என்னைத்தான். அன்றிலிருந்து எந்தக் கணக்கிலும் முதல் வரியில் என்னை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.