கழுத்தில் வெட்டிய துண்டு

ஆம்பூரில் நாலு டிரம் ஓடும் தோல் பதனிடும் கூடம், பாலாற்றங்கரையில் கிணறு, ஷூ கம்பெனிக்கு லோடு ஏற்றிப் போகச் சொந்த லாரி. எல்லாம் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கட்டியது. சுண்ணாம்புக் குழியில் காலைப் புண்ணாக்கிக்கொண்டு ஆரம்பித்தவன்; அப்பன் வைத்துவிட்டுப் போன செங்கல் ஒன்றுகூட இதில் கிடையாது. ஊர் இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

எழுபதுகளின் பின்பாதி. தோல் பதனிடக் கடுக்காய், ஆவாரம்பட்டையை விட்டு எல்லோரும் குரோம் உப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நான் வேறொருவர் கூடத்தில் மேஸ்திரி. குரோம் ஏறியதா என்று பார்க்க, தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவோம். பட்டைத் தோல் அதில் சுருங்கிவிடும்; குரோம் தோல் சுருங்கக் கூடாது. நடுவில் வெட்டினால் தோல் அளவு கம்மியாகும் என்று வயிற்று ஓரத்தில்தான் எல்லோரும் வெட்டுவார்கள். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த எங்கள் கெமிஸ்ட்டும் அப்படித்தான்.

ஒரு லாட் ஷூ கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. சூடு பட்டதும் கழுத்துப் பக்கம் சுருங்கிக் கல்லாகிவிட்டதாம்.

"தண்ணி சரியில்ல மேஸ்திரி" என்றார் கெமிஸ்ட்.

"தண்ணி இன்னா சார் பண்ணும்? கழுத்துல வெட்டிப் போட்டுப் பாருங்க."

"மொதலாளி பாத்தா உன் கழுத்த வெட்டுவாரு."

வெட்டினேன். தடியான துண்டின் குறுக்கே பார்த்தால் மேலும் கீழும் குரோம் ஏறிய நீலம், நடுவில் ஏறாத வெள்ளை. கொதிநீரில் போட்டதும் சருகாகச் சுருண்டது. குரோம் உள்ளே போய் நாரோடு நாரைக் கட்டினால்தான் தோல் சூடு தாங்கும். கட்ட வைப்பது சோடாக் கரைசல். ஷிப்ட் முடிகிற அவசரத்தில் அதை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்வார் கெமிஸ்ட். குரோம் மேலேயே பிடித்துக்கொண்டால் உள்ளே எப்படிப் போகும்? வயிறு மெலிசு, அதனால் டெஸ்ட்டில் தப்பித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த லாட்டில் நீலம் நடுவரைக்கும் போகக் காத்திருந்து, சோடாவை ஆறு தடவையாக ஊற்றினேன். கழுத்துத் துண்டு மயிரிழைகூடச் சுருங்கவில்லை. கெமிஸ்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எழுதி வைக்கணும் மேஸ்திரி" என்றார்.

எழுதினார். எண்பதுகளில் தோல் கூடக்காரர்கள் சங்கத்தில் அதை அச்சடித்துக் கூடம் கூடமாக மாட்டினார்கள். அடியில் அவர் பெயர் மட்டும். என் சொந்தக் கூடத்துச் சுவரிலும் அதே தாள். நேரில் போய்க் கேட்டேன்.

"செஞ்சது நீங்கதான். ஏன்னு எழுதினது நான். உங்களுக்கு ஃபார்முலா தெரியுமா?" என்றார்.

தெரியாதுதான். கழுத்தில் வெட்டு என்று அந்த ஃபார்முலா அவருக்குச் சொல்லவில்லையே.

தாள் பழசாகிவிட்டதால் சங்கத்தில் மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அவர் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. கழுத்தில் வெட்டு, சோடாவை ஆறு தடவையாக ஊற்று என்ற இரண்டு வரிக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்.