பூட்டை உடைத்தவருக்குப் பொன்னாடை

என் அம்மப்பா, அதாவது அம்மாவின் அப்பா, பெரிய விசுவாசி. கர்த்தரை நம்பினார், மனுசரையும் நம்பினார். வீட்டில் இருந்த எங்களைத்தான் அவ்வளவாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. பாலையூற்றில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர் செய்யும் ஜெபத்தைக் கேட்டால் உங்களுக்கு விளங்கும். கிண்ணியாவிலிருந்து நண்டு கொண்டுவரும் முஸ்லிம் நானாவின் முழங்கால், சல்லிக் கிராமத்தில் வள்ளம் பழுதாகிப்போன குடும்பம், ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடக்கிற பெயர் தெரியாத கிழவர் என்று ஒவ்வொருவராகக் கர்த்தரிடம் ஒப்படைப்பார். சோறு ஆறிப்போகும். குழம்பில் ஏடு படியும். கடைசியில் கண்ணைத் திறக்கப்போகிற நேரத்தில், "இந்த வீட்டாரையும் நினைத்தருளும்" என்பார். நாங்கள் ஆறு பேரும் ஒரே வசனத்தில், மொத்தமாக.

துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கனகாலம் இருந்தவர். சிங்களம் அங்கேதான் பிடிபட்டது. ஓய்வுபெற்ற பிறகு அந்தச் சிங்களத்தை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பொலிஸில் முறைப்பாடு எழுத, அரசாங்கக் கச்சேரியில் கடிதம் காட்ட, டொக்டர் சொன்னதை நோயாளிக்கு விளங்கப்படுத்த, யார் வந்து கூப்பிட்டாலும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவார். பைக்குள் புதிய ஏற்பாடு, தைலப் போத்தல், வெற்று விண்ணப்பப் படிவங்கள், ஒரு பக்கெற் பிஸ்கற்.

அம்மாவின் கல்யாணத்துக்கே பிந்தித்தான் வந்தவர். தோப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வார்ட்டில் சிங்களத்தில் கதைக்க ஆளில்லையாம். மணமகளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியவரைக் காணாததால் மாமா கூட்டிப்போனார். போதகர் ஆரம்ப ஜெபத்தை முடித்த நேரத்தில் அம்மப்பா பின்கதவால் வந்து, மூச்சு வாங்க, "ஆம்பிளைப் பிள்ளை!" என்று அறிவித்தாராம். சேர்ச் முழுக்க மணமகளைத் திரும்பிப் பார்த்ததாம். இந்தக் கதையை அம்மா சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதில்லை.

நான் உயர்தர வகுப்பில் படித்த வருசம் மாரி மழை விடாமல் பெய்தது. சேர்ச் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளமான ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் எங்கள் சபையார் ஒருவரும் இல்லை. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும்தான். பின்னேரம் நான்கு மணியிருக்கும், பாய் தலையணையோடும் பிள்ளைகளோடும் மண்டபத்து வாசலில் வந்து நின்றார்கள். கதவில் பெரிய பூட்டு. திறப்பு சபைச் செயலாளரிடம்.

அம்மப்பா மழைக்குள் நின்றபடியே செயலாளருக்குப் போன் எடுத்தார். நான் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதால் மறுபக்கக் குரலும் கேட்டது.

"திறப்பை எங்கயோ வைச்சிட்டன் ஐயா. தேடிப் பாக்கிறன். எதுக்கும் கமிட்டியைக் கேக்க வேணும். இப்பதான் டைல்ஸ் பதிச்சது, தெரியும்தானே?"

"பிள்ளையள் நனையுதுகள் தம்பி."

"அதுதான் சொல்லுறன், தேடிப் பாக்கிறன்."

அம்மப்பா போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒழுங்கையில் ஒருவரிடம் இரும்பு அலவாங்கு வாங்கிவந்தார். கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த மிகக் குறுகிய ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு பூட்டை உடைத்தார். மூன்றாவது அடியில் அது விழுந்தது.

சனம் நாலு நாள் அங்கே இருந்தது. டைல்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கமிட்டிக்கு ஆகிவிட்டது. சபைச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகத் தீர்மானம் எழுதி, கமிட்டியில் ஒருவராக இருந்த அம்மப்பாவை அதிலிருந்து நீக்கினார்கள். அதை வாசித்த செயலாளருக்குக் குரல் தழுதழுத்தது. நல்ல நடிகர். அம்மப்பா அடுத்த ஞாயிறும் வந்தார், கடைசி வரிசை வாங்கில் இருந்தார், எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். அவருக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. கமிட்டிக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

போன வருசம் திடீரென்று காற்று மாறியது. வெளிநாட்டுச் சபையொன்றிலிருந்து விருந்தாளிகள் வரப்போகிறார்கள், இங்கே நடக்கும் சமூக சேவையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று செய்தி. கமிட்டி கூடித் தேடிப் பார்த்தது. சமூக சேவை என்று காட்ட மண்டபத்து டைல்ஸைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் கடைசி வாங்கில் ஒருவர் இருப்பது ஞாபகம் வந்தது.

செயலாளர் வீட்டுக்கு வந்து, குளிர்சோடா குடித்து, அம்மப்பாவின் கையைப் பிடித்து, "உங்களுக்கொரு பாராட்டு விழா எடுக்கப்போறம் ஐயா" என்றார். அம்மப்பா தனக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார். பின்னேரம் அலுமாரிக்குள் கிடந்த கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

விழா மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் ஒரு பழைய மலரைத் தந்தார்கள். "கஷ்டப்படாதேங்கோ பிள்ளை, பேரை மட்டும் மாத்தினாக் காணும்." செத்துப்போன ஒரு வாத்தியாருக்கு எழுதியது அது. 'குடும்பத்தைத் தன் கண்ணின் மணியாகக் காத்தவர்' என்று ஒரு வரி. அதை வாசித்துக் காட்டியதும் குசினிக்குள் நின்ற அம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் அந்த வரியை வெட்டிவிட்டு வெள்ளக் கதையை எழுதினேன். அதில் நான் அவருக்குத் தோளோடு தோள் நின்றதாக எழுதினேன். உண்மையில் நான் அன்று சொன்னது, "அம்மப்பா, என்ர சப்பாத்து நனையுது, வீட்ட போவம்" என்பதுதான்.

விழாவன்று செயலாளர் பேசினார். விருந்தாளிகள் முன்வரிசைக் கதிரைகளில். போதகர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

"அண்டைக்கு வெள்ளத்தில சனம் தவிச்ச நேரம், சாதி சமயம் பாராமல் இந்த மண்டபத்தின்ர கதவை நாங்கள் திறந்துவிட்டம். அதில முன்னுக்கு நிண்டவர் எங்கட ஐயா!"

கைதட்டல். பொன்னாடை. அது பச்சை நிறத்தில், அம்மப்பாவின் கழுத்தை அறுக்கிற சரிகையோடு இருந்தது. ஏற்புரைக்கு எழும்பினார். நான் வழக்கமான நீண்ட ஜெபத்துக்குத் தயாராகிக் கதிரையில் சாய்ந்தேன்.

"நான் திறக்கேல்ல," என்றார். "உடைச்சனான். திறப்பு உங்களிட்ட இருந்தது தம்பி. காணேல்ல எண்டு சொன்னனீங்கள்."

செயலாளர் தன் காலுக்குக் கீழேயிருந்த டைல்ஸை ஆராய்ந்தார். விருந்தாளிகள் போதகரைப் பார்த்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த சிரமத்தின் மத்தியில் கதவைத் திறக்க நேர்ந்ததை ஐயா நன்றியோடு நினைவுகூருகிறார் என்று மொழிபெயர்த்தார். விருந்தாளிகள் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்தார். அவ்வளவு அழகான பொய்யை நான் சேர்ச்சில் கேட்டதில்லை.

எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மப்பா மேல் பெருமை வந்தது. அது இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. விழாவுக்கு மற்ற நாள் காலமை அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா பிள்ளை, செயலாளர் வீட்ட போவம், மன்னிப்புக் கேக்க வேணும்" என்றார்.

"ஏன்? நீங்கள் சொன்னது உண்மைதானே?"

"உண்மைதான். வா."

செயலாளர் எங்களை இருக்கச் சொன்னார். முகம் மட்டும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் முன்னால உங்களை வெக்கப்படுத்திப்போட்டன் தம்பி. பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

செயலாளர் நிமிர்ந்து இருந்தார். "அப்ப வாற ஞாயிறு ஆராதனையில எழும்பி, சொன்னது பிழையெண்டு சொல்லிவிடுங்கோ."

"அது ஏலாது. சொன்னது சரி. சொல்லேக்க எனக்கொரு சந்தோசம் வந்தது. அதுதான் பிழை. அதுக்குத்தான் வந்தனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். எழும்புவோம் என்று நான் அம்மப்பாவின் முழங்கையைத் தொட்டபோது, செயலாளர் மெதுவாக உள்ளே போய் ஒரு நீளமான கடித உறையோடு வந்தார்.

"மகளுக்கு இடமாற்றக் கடிதம் வந்திருக்கு. முழுக்கச் சிங்களம். என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பாக்கிறீங்களோ ஐயா?"

எனக்கு வந்த கோபத்தில் செருப்பைத் தேடினேன். அம்மப்பா துணிப்பையில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினார். செயலாளர் மேசைக் காற்றாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.