வேற ஏதாவது சொல்லணுமா?

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் எங்கள் வார்டுக்கு வரட்டும். பதினொன்றாம் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும். அப்புறம் பேசுவோம்.

நான் நர்ஸ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் வார்டின் மூத்த நர்ஸ் எனக்கு வைத்த பெயர் 'பட்டதாரி'. அவரை எல்லோரும் பெரியக்கா என்போம். "பட்டதாரி, பெட்பேன் எடுக்கவும் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று நோயாளிகள் எதிரிலேயே கேட்பார். ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். "குடுத்தாங்கக்கா. எடுத்ததும் கை கழுவணும்னும் சொல்லிக் குடுத்தாங்க." அன்று தொடங்கியது பகை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு முறை உண்டு. ஷிப்ட் மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். என்ன வலி, என்ன மருந்து, எல்லாம் நோயாளியின் காது கேட்க. கடைசியில் அவரையே கேட்க வேண்டும். "சொன்னது சரியா? வேற ஏதாவது சொல்லணுமா?" பெரியக்காவுக்கு இது எட்டிக்காய். "படுத்துக் கெடக்கிறவங்ககிட்ட போய் நாம பரீட்சை எழுதணுமா?"

பதினொன்றில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். இடது முட்டியில் ஆபரேஷன். படுத்தபடியே வலது பாதம் மட்டும் மெஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருக்கும். கட்டில் கம்பி டக டக என்று சத்தம் போடும். "பழக்க தோஷம் கண்ணு" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலை என் இரவுப் பணி முடியக் கால் மணி நேரம் இருந்தது. அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது. பெரியக்கா வந்ததும் கட்டிலருகே நிறுத்திச் சொன்னேன். டாக்டரை உடனே கூப்பிடச் சொன்னேன்.

"ஆமாங்க. சுண்டி இழுக்குது. உயிர் போகுது" என்றார் அந்த அம்மாவும்.

பெரியக்கா கைபேசியிலிருந்து தலை தூக்கவில்லை. "சரி சரி, பாத்துக்கிறேன். நீ கெளம்பு."

பகல் பன்னிரண்டு பத்துக்கு அந்த அம்மா இறந்தார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறி அடைத்துவிட்டது.

"அவ சொல்லவே இல்ல மேடம்." தலைமை நர்ஸான மேட்ரனிடம் பெரியக்கா என்னைப் பற்றிச் சொன்னது இது. கண்கூடச் சிமிட்டவில்லை.

கட்டிலருகே இருந்தது மூன்று பேர். ஒருவர் செத்துவிட்டார். ஒருவர் பொய் சொன்னார். மிச்சம் நான். விசாரணை என்றார்கள். வேலை போனால், இந்தப் பழியோடு எந்த ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்? மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்த அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மூன்றாம் நாள். மாலை ஏழு மணி. போகிறவர் பெரியக்கா, வருகிறவள் நான். மேட்ரனும் கூடவே நின்றார். பதினொன்றில் அன்றுதான் வந்த இளம்பெண். குடல்வால் ஆபரேஷன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா கால்மாட்டில் நின்று கடகடவென ஒப்பித்தார்.

"அவங்களையும் கேளுங்க" என்றார் மேட்ரன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

டக... டக... டக...

போர்வைக்குள் அந்தப் பெண்ணின் வலது பாதம் மிதித்துக்கொண்டிருந்தது.

கண் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"சொன்னேனே. இந்தப் பொண்ணும் சொன்னா. நானும் சொன்னேன். நீதான் தலையே தூக்கல."

அது அந்தப் பெண்ணின் குரல் இல்லை. எனக்குத் தெரியும். பெரியக்காவுக்கும் தெரியும். மேட்ரன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

மறுநாள் விசாரணை நின்றது.

இதோடு கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பெரியக்கா வார்டுப் படிக்கட்டில் உருண்டார். இடுப்பெலும்பு முறிந்தது. "கால்ல நூல் சுத்துன மாதிரி இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபோது காலியாக இருந்தது ஒரே கட்டில்.

"அங்க வேணாம் பட்டதாரி... என்னைத் தரையில வேணா போடு."

வேறு இடமில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை. என் பணி முடியக் கால் மணி நேரம். அவருடைய கெண்டைக்கால் வீங்கியிருந்தது. தொட்டேன். சுட்டது.

பகை வேறு, வேலை வேறு. பொறுப்பேற்க வந்தவள் என் தோழி. கட்டிலருகே நிறுத்தி, ஒன்றுக்கு மூன்று முறை சொன்னேன். கெண்டைக்கால். வீக்கம். டாக்டரைக் கூப்பிடு.

அவள் குனிந்து கேட்டாள். "அக்கா, வேற ஏதாவது சொல்லணுமா?"

பெரியக்காவின் கண்கள் என்னைப் பார்த்துக் கெஞ்சின. எனக்குள் ஒருத்தி சிரித்தாள். மறைக்க மாட்டேன்.

உதடு பிரிந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. நல்லா இருக்கேன்."

தையல்கார அம்மாவின் குரல்.

டக... டக...

ஓடினேன். டாக்டருக்கு நானே போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்முனையில் பேச்சில்லை. போன் வைக்கப்பட்டது. கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

பகல் பன்னிரண்டு பத்து.

பெரியக்கா போய்விட்டார்.

"நீ சொல்லவே இல்லையேடி" என்று தோழி அழுதாள்.

பொய்யா சொல்கிறாய் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சத்தியமா. உன் வாய் அசைஞ்சுது. ஆனா டக டகன்னுதான் கேட்டுச்சு."

டாக்டரிடம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"காலையில உங்க நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு சிஸ்டர். யாரும் பேசல. யாரோ தையல் மெஷின் ஓட்டிட்டிருந்தாங்க."